தராசில் நிறுத்த மருந்து

என் வீட்டுக்காரர் நகை செய்கிறவர். காரைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. அவரைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் அந்த மனிதர் எதையும் கண்ணளவாக எடுத்து நான் பார்த்ததில்லை. காப்பித்தூளைக்கூட நிறுத்துப் போடுவார். இட்லிக்கு அரிசி ஊறப்போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் குளித்து வந்தால், அரிசியும் உளுந்தும் இரண்டு தட்டுகளில் பட்டறைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணக் கழுத்திரு மாலை செய்யக் கொடுக்கிற ஆச்சிமார்கள், "அவுககிட்டக் குடுத்தா ஒரு பொட்டுக் குறையாது" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பெருமையாகத் தலையை ஆட்டுவேன். அந்தத் தராசு என் மகள் காதில் வந்து விடியும் என்று நான் கண்டேனா?

மகளுக்கு அப்போது நாலரை வயது. ஒரு வாரமாகச் சளி. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே என்று இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வீடு திரும்பிய ஒரு சாயங்காலம், வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள். தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. உடனே பைக்கில் ஏறி, பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். நிதானமாகப் பேசுகிறவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"செவிப்பறைக்குப் பின்னாடி சீழ் கட்டியிருக்கும்மா. பாக்டீரியாவால வர்றது. ஆன்டிபயாடிக் சிரப் எழுதுறேன். காலையில அஞ்சு மில்லி, ராத்திரி அஞ்சு மில்லி, சாப்பாட்டுக்குப் பிறகு. ஏழு நாள். ஜுரம் விட்டாலும் நிறுத்தக் கூடாது."

"காது கேக்குமா டாக்டர்? நேத்துல இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா."

"வலது காதுல சீழ், இடதுலயும் கொஞ்சம் நீர் நிக்கிறதால மந்தமாத்தான் இருக்கும். மருந்து ஒழுங்காப் போனா சரியாயிடும். விட்டுட்டா சவ்வுல ஓட்டை விழலாம், கேக்குற திறனே குறையலாம். மூணு நாள்ல ஜுரம் விடலன்னா மறுபடி கூட்டிட்டு வாங்க."

கேக்குற திறனே குறையலாம். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் எனக்குள் போகவில்லை.

மருந்துக்கடையில் ஒரே கூட்டம். அந்த சிரப் பாட்டிலில் பொடியாகத்தான் வரும். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். எப்போதும் கடைக்காரரே கலக்கித் தருவார். அன்றைக்கு மூன்று பாட்டிலைப் பையில் போட்டுவிட்டு, "வீட்ல கலக்கிக்கங்க டீச்சர். கோடு வரைக்கும் தண்ணி. ஒரு பாட்டில் மூணு நாளைக்கு வரும். முடிஞ்ச பெறகு அடுத்ததக் கலக்குங்க" என்று என் தலைக்கு மேலாக அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் வெளியே பைக்கில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் காதில் இது விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நானாவது சொன்னேனா? இல்லை. அடுப்பில் ஒரு பக்கம் தண்ணீர் காய்ந்தது, இன்னொரு பக்கம் கஞ்சி. மேஜையில் நாற்பது விடைத்தாள்கள். இடுப்பில் அழுகிற பிள்ளை.

"இங்குட்டுக் குடு. மருந்த நான் பாத்துக்கிறேன்" என்று அவராகவே வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. காலை ஏழேகாலுக்கு நான் பள்ளிக்கூட வேனில் ஏறியாக வேண்டும். அவர் நாளெல்லாம் வீட்டில் இருக்கிறவர். அதனால் மருந்து அவர் பொறுப்பு என்று ஆயிற்று.

கொஞ்ச நேரத்தில் டப்பாவோடு வந்த பிளாஸ்டிக் அளவு மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தா பாரு, இது ஒரு அளவா? கோடே இம்புட்டுத் தடிமனா இருக்கு. கோட்டுக்கு மேலயா, கீழயா? இத நம்பிப் பச்சப்புள்ளைக்கு மருந்து ஊத்தச் சொல்றாக."

"எல்லாரும் அதுலதாங்க ஊத்துறாக."

"எல்லாரும் ஊத்துவாக. நான் ஊத்த மாட்டேன். தண்ணி ஒரு மில்லின்னா ஒரு கிராம்தானே?"

கஞ்சி பொங்கி வந்துகொண்டிருந்தது. கரண்டியை விட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தபடி நான் சொன்னேன்: "ஆமாங்க, ஆமா. ஒரு கிராம்தான். கொஞ்சம் நகருங்க."

நான் யார் தெரியுமா? தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு அடர்த்திப் பாடம் நடத்துகிறவள். ஒரு கண்ணாடிக் குழாயில் தேனையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றி, எது அடியில் தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று பிள்ளைகளின் உயிரை வாங்குகிறவள். அந்த வாய்தான் சொன்னது.

அன்று ராத்திரியிலிருந்தே வீட்டில் மருந்துப் பூஜை நடந்தது. வேறு என்ன சொல்வது? தராசைத் துடைப்பார். மகள் பிறந்தபோது அவரே செய்த சின்ன வெள்ளிக் கிண்ணியை அதில் வைத்து, எடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். ஐந்து கிராம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுப்பார். ஒரு துளி கூடிவிட்டால் குச்சியால் எடுத்துவிடுவார். மகளும் அந்தக் கிண்ணியைப் பார்த்ததும் அடம்பிடிக்காமல் வாயைத் திறந்தாள். பிறகு பாட்டில் ஃபிரிட்ஜுக்குள் போகும். நேரம் ஒரு தாளில் ஏறும். காலை ஏழு, மாலை ஏழு. ஒரு நிமிஷம் பிசகாது.

எனக்கோ ஒரே பெருமை. ஆசிரியர் அறையில் அளந்துவிட்டேன்: "எங்க வீட்டுக்காரர் மருந்தக்கூடத் தராசுல நிறுத்துத்தான் குடுக்குறாக." எல்லோரும் சிரித்தார்கள், பாராட்டினார்கள். அந்த அறையில் என்னோடு சேர்த்து அறிவியல் டீச்சர்கள் மூன்று பேர். கெமிஸ்ட்ரியில் முதுகலை முடித்தவர் ஒருவர். ஒருத்திக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை.

ஜுரம் என்னமோ விடவில்லை. காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். காது வலி குறைந்த மாதிரி இருக்கும், திடீரென்று வீலென்று கத்துவாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்பாததைத்தான் தாங்க முடியவில்லை. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்ப மாட்டாள். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவேன். ம்ஹூம். தொண்டை கிழியக் கத்தினால் இடது பக்கமாகத் திரும்பி, "கூப்பிட்டியாம்மா?" என்பாள். கைதட்டிப் பார்த்தேன், தட்டைத் தட்டிப் பார்த்தேன், குக்கர் மூடியைக் கீழே போட்டே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார்.

இந்த லட்சணத்தில் கானாடுகாத்தானிலிருந்து என் நாத்தனார் இவருக்குப் போன் போட்டார். "காதுல நல்லெண்ணெயக் காச்சி ரெண்டு சொட்டு விடு. நாங்கள்லாம் அப்படித்தான வளந்தோம்? மருந்து மருந்துன்னு பிள்ள ஒடம்ப ஏன் கெடுக்குறீக?"

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பி இருந்த பக்கம் பார்த்தார்.

"எண்ணெயோட அவ பக்கம் வந்தீக, அப்புறம் இருக்கு" என்றேன்.

"அக்கா நல்லதுக்குத்தான சொல்லுது?"

"சீழ் பிடிச்ச காதுல எண்ணெய ஊத்துறது நல்லதுக்கா? டாக்டர் சொன்னது காதுல ஏறலையா? வீட்ல எத்தனை பேருக்குத்தான் காது கேக்கல?"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

நாலாம் நாள் காலையில் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. பள்ளிக்கு லீவு சொன்னேன். தலைமையாசிரியை "மறுபடியுமா?" என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மகளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

அவர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"வீக்கம் அப்படியே இருக்கே. மருந்து குடுக்குறீங்கதானே?"

"ஆறு வேளை குடுத்தாச்சு டாக்டர். ஒரு வேளை விடல" என்றார் என் வீட்டுக்காரர். பையிலிருந்து பாட்டிலையும் நேரம் எழுதின தாளையும் எடுத்து, நகையை ஒப்படைக்கிற மாதிரி மேஜையில் வைத்தார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கால் பாட்டில் அளவுக்கு மருந்து இருந்தது.

"இது முப்பது மில்லி பாட்டில். ஆறு வேளை அஞ்சஞ்சு மில்லி போனா தீர்ந்திருக்கணுமே. எப்படி மிச்சம்?"

அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பட்டறையில் நெருப்பு மூட்டும் உமியையும் தூசியையும்கூட அள்ளிச் சலித்துப் பொன்பொடி எடுக்கிற ஆள். மிச்சம் என்றால் அவருக்குத் தொழிலில் கெட்டிக்காரத்தனம். "ஒரு சொட்டு சிந்தாம குடுத்தோம் டாக்டர். சேதாரமே இல்ல."

"எதுல அளந்தீங்க?"

"தராசுல, கிண்ணில ஊத்தி. அஞ்சு கிராம். மில்லிகிராம் சுத்தமா நிறுத்தது."

டாக்டரம்மா பாட்டிலைக் கீழே வைத்தார். "கலக்குறப்ப தண்ணி?"

"அதுவும் நிறுத்துத்தான். முப்பது மில்லின்னு போட்டிருந்துச்சு. முப்பது கிராம் தண்ணி."

எனக்குச் சுரீரென்றது. அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை! அது அப்போதுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடியே மற்றதும் விளங்கிவிட்டது. தேனும் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிய கண்ணாடிக் குழாய் கண் முன்னால் வந்து நின்றது. டாக்டரம்மா விளக்கியது எல்லாம் அவருக்குத்தான். எனக்கு எதுவும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

"பாட்டிலுக்குள்ள பொடியும் இருக்குல்ல சார்? பொடி, தண்ணி ரெண்டும் சேர்ந்துதான் முப்பது மில்லி. நீங்க தண்ணியே முப்பது ஊத்துனதால மருந்து நீர்த்துப் போச்சு. அடுத்தது, இது தண்ணியவிடக் கனம். அஞ்சு கிராம் நிறுத்தா அஞ்சு மில்லி வராது, கம்மியாத்தான் வரும். கிண்ணத்துல வேற கொஞ்சம் ஒட்டியிருக்கும். எல்லாம் சேர்த்துப் பார்த்தா, சேரவேண்டியதுல முக்கால் பங்குகூடப் பாப்பாவுக்குப் போகல. இப்படிக் குறைச்சுக் குடுத்தா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும்."

அவர் முகம் செத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய எடை தப்பு என்று ஒருவர் சொல்கிறார்.

"ஒரு மில்லி ஒரு கிராம்னு யார் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, "நானாத்தான் டாக்டர்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! இவரை யார் எனக்காகப் பழி ஏற்கச் சொன்னது? திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு இரண்டு சொல்லித் தீர்த்திருப்பேன். இப்படி நல்லவராக நின்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அவுக இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன். நான் சயின்ஸ் டீச்சர்" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

"சவ்வு இன்னும் ஓட்டையாகல. நல்ல வேளை. மருந்த மாத்த வேணாம், இதக் கீழ ஊத்திட்டுப் புதுசாக் கலக்குங்க. பாட்டில் இன்னொண்ணு வாங்கிக்கங்க. இன்னைக்கு ராத்திரியிலருந்து முதல் நாள்னு எண்ணி ஏழு நாள். நாளை மறுநாள் என்கிட்டக் காட்டணும்." மேஜை இழுப்பறையிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அஞ்சுங்குற கோடு வரைக்கும் இழுங்க. நேராத் தொண்டையில அடிக்காதீங்க, புரையேறும். கன்னத்தோரமா வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. குடிச்சவுடனே வாந்தி எடுத்தா நீங்களா மறுபடி குடுக்காம எனக்கு போன் பண்ணுங்க."

"காது, டாக்டர்?"

"நீர் வத்தணும். சில பிள்ளைங்களுக்குச் சில வாரம் ஆகும். பார்ப்போம்மா."

பார்ப்போம். இந்த ஒரு சொல்லை டாக்டர்கள் படிக்கிற காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தோம். இரண்டாவது பாட்டிலில் நான் பாதித் தண்ணீர் ஊற்றினேன், அவர் குலுக்கினார், நுரை அடங்கக் காத்திருந்தோம், பிறகு கோடு வரைக்கும் ஊற்றி மறுபடி குலுக்கினோம். இரண்டு தலையும் அந்தக் கோட்டுக்கு நேராகக் குனிந்திருந்தன. சாயங்காலம் மகளுக்கு இட்லி ஊட்டிவிட்டு, ஏழு மணிக்கு நான் சிரிஞ்சில் ஐந்து மில்லி இழுத்தேன்.

"ஒரே ஒரு நிமிஷம் குடு" என்றார்.

"எதுக்கு? மறுபடியும் தராசா? ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

கொடுத்தேன். வெறும் சிரிஞ்சின் எடையை முன்னமே எடுத்து வைத்திருக்கிறார், எமகாதகர். மருந்தோடு நிறுத்து, கழித்துப் பார்த்தார். ஐந்து கிராம் அறுநூற்றிருபது மில்லிகிராம். அந்த எண்ணையே வெறித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வேளைக்கு அரைக் கிராமுக்கு மேல. தங்கத்துல இம்புட்டு விட்டிருந்தா என்னையக் கட்டி வெச்சுத் தோல உரிச்சிருப்பாக" என்றார். சிரிஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றே நானும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஜுரம் விட்டது. மூன்றாம் நாள் டாக்டரம்மா பார்த்து, வீக்கம் வடிகிறது என்றார். ஐந்தாம் நாள் பிள்ளை பழையபடி வீட்டைத் தலைகீழாக்கத் தொடங்கிவிட்டாள். நாத்தனார் போன் போட்டு, "அதான் சரியாப் போச்சுல, நிறுத்திற வேண்டியதுதான?" என்றார். இந்த முறை நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. "அக்கா, நீ சும்மா இரு. ஏழு நாள்னா ஏழு நாள்" என்று இவரே வெட்டிவிட்டார். ஏழு நாளும் முடித்தோம்.

ஆனால் காது? முடித்து ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. கூப்பிட்டால் திரும்பவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை எழுந்து "மிஸ், கேக்கல" என்றால் நெஞ்சு திக்கென்றது. அடுப்படியில் நின்று ஆமாங்க, ஆமா என்று சொன்ன அந்த ஒரு விநாடிக்காக ஒரு பெண் ஆயுசுக்கும் ஒரு காதோடு நிற்க வேண்டுமா? இவரிடம் எரிந்து விழுந்தேன். உப்பு கூடினால் கத்தினேன், கதவு சாத்தினால் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். எதற்கு என்று நினைவில்லை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக இருக்கலாம். மகள் கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவள் தலைக்கு மேலாகப் பட்டறைப் பக்கம் பார்த்துக் கத்த, சட்டென்று கிரேயானைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா இப்படிக் கத்துற? எனக்குத்தான் கேக்குதுல்ல?"

பட்டறையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் எழுந்து நிலைப்படியில் வந்து நின்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி குனிந்து படத்துக்குப் பச்சை தீட்டத் தொடங்கினாள். அவர் கிட்ட வந்து, ஒரு விரலை மெதுவாக அவள் இடது காதில் வைத்து அடைத்தார். நான் அவள் வலது பக்கம் பின்னால் போய், எனக்கே கேட்காத குரலில் அவள் பேரைச் சொன்னேன்.

"என்னம்மா? சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்க!" என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் எரிந்து விழுந்தாள்.